நான்கு விரல் உயரம்

நர்சம்மாவின் பழைய கார், பின்சீட்டில் கர்ப்பிணி உட்கார்ந்தால் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் போகும். மற்ற நேரத்தில் ஊரிலுள்ள ஒரு பள்ளத்தையும் விடாது. இருபத்திரண்டு வருடத்தில் எண்ணூறு பெண்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. ஒருத்தியின் வயிறும் குலுங்கியதில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி, டயர் ஏன் தேயவில்லை என்று கேட்டார். காரணத்தைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

நர்சம்மாவின் கணவர் டயர் வியாபாரி. தன் வீட்டு வண்டியே டயரைத் தேய்க்காதது அவருக்குப் பெரிய மானப் பிரச்சினை. பழையதன் இன்ஜின் மண்டையைப் போட்டதுதான் தாமதம், நான்கு சக்கரமும் இழுக்கும் புது ஜீப்பை வாங்கிவந்து பக்கத்தில் நிறுத்தி, ஸ்கேலால் அளந்தே காட்டினார். "உயரத்தப் பாத்தியா? ஆறே குறுக்க வந்தாலும் இறங்கி ஏறிடும். உன் டப்பா வேகத்தடையிலயே வயித்தத் தேய்ச்சுக்கும்."

"இது மேடு ஏறும். அது ஆளத் தாங்கும். ரெண்டும் ஒண்ணாங்க?" என்றார் நர்சம்மா.

மலைமேல் கல்குவாரியில் குடியிருந்த அவர்கள் மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவதுக்கு எட்டாம் மாதம். அந்த வாரம் மழையில் மலைச்சாலை கரைந்து கல்லும் குழியுமாகக் கிடந்தது. உடனே கூட்டி வாருங்கள், ஆனால் குலுங்கினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

"இன்ஜின் செத்தா என்னக்கா? அத்தன பேரும் உக்காந்தது சீட்டுலதானே?" என்று மெக்கானிக் பழைய பின்சீட்டைக் கழற்றி ஜீப்பில் பொருத்தினான். அவசரத்தில் பின்பக்கம் பார்த்துப் பொருத்திவிட்டான். தெரிந்தபோது துருப்பிடித்த போல்ட்டுகள் அசைய மறுத்தன.

ஜீப்பைக் குறை சொல்லக்கூடாது. மலையேறும் வழியில் விழுந்துகிடந்த மரத்தின்மேலேயே ஏறி இறங்கியது. ஆனால் மகளை ஏற்றிக்கொண்டு பத்தடி போவதற்குள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்கப்பா! இதுவும் போயிடும்."

அவர் பிரேக்கை மிதித்தார். வீட்டிலேயே இறக்கிவிடலாம் என்று ரிவர்ஸ் போட்டார். வண்டி சத்தமில்லாமல் நான்கு விரல் எழும்பியது.

முற்றத்தில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு, பதினான்கு கிலோமீட்டரும் ரிவர்ஸிலேயே இறக்கினார். மகளோடு பின்சீட்டில் இருந்த நர்சம்மா, "லெஃப்ட்டுல ஒடிங்க... ஐயோ, உங்க லெஃப்ட்டு இல்லீங்க, என் லெஃப்ட்டு!" என்று கத்திக்கொண்டே வந்தார். மகள் பாதி வழியில் தூங்கிப்போனாள்.

மூன்று வாரம் கழித்துப் பேத்தி பிறந்தாள், இரண்டே முக்கால் கிலோ. தாத்தாவின் கழுத்து அதுவரை முன்னால் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டே வார்டுக்குள் வந்து குழந்தையைப் பார்த்தவர், சின்னப்பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடித்தபோது கழுத்து சரியாகியிருந்தது.

சீட்டை யாரும் திருப்பிப் போடவில்லை. இன்றும் அந்த ஊரில் அந்த ஜீப் ரிவர்ஸில் வந்தால் டிராஃபிக் போலீஸ்காரர் மற்ற வண்டிகளை நிறுத்திவிடுகிறார். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. எந்த வீட்டில் விசேஷம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள்.