தோற்றம், மறைவு

காபியை வாயில் வைத்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. திருவான்மியூரிலிருந்து என் மருமான் சாய்நாத். நான் ஹலோ சொன்னதும், எதிரில் யார் என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்தான்.

“நான் சாய்நாத் பேசறேன். மாமாவை எத்தனை மணிக்கு எடுக்கறா?”

“எந்த மாமாவைடா?”

“விஜயராகவன் மாமாவைத்தான்.”

“நான்தாண்டா விஜயராகவன்.”

அந்தப் பக்கம் போன் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. இந்த வயதுக்குள் எதை எதையோ கேட்டிருக்கிறேன். என்னை எப்போது எடுப்பார்கள் என்று என்னிடமே யாரும் கேட்டதில்லை.

போனை வைப்பதற்குள் காலிங் பெல். கதவைத் திறந்தால் எங்கள் ஃப்ளாட் வாட்ச்மேன் கபாலி. என்னைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனான்.

“இன்னா சார், நீ நின்னுகினு கீற?”

“பின்னே, படுத்துக்கணுமா?”

“கீழ மாலையோட ஆளுங்க வந்துகினு கீறாங்க சார். நீ பூட்டேன்னு சொல்றாங்க.”

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நங்கநல்லூர் சொந்தங்கள் ரோஜா மாலையும் கையுமாக வாசலில் நின்றார்கள். அதே நேரம், கேசவப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்த என் மனைவி சூடாமணி தெருமுனையில் திரும்பினாள். கும்பலைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். கையிலிருந்த துளசியைப் போட்டுவிட்டு “ஏன்னா!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். மாடியேறி என்னைப் பார்த்ததும் அப்படியே சோபாவில் சரிந்தாள்.

“நன்னாத்தானே இருக்கேள்?”

“எனக்கே சந்தேகமா இருக்கு.”

மேஜைமேல் விட்டுப் போயிருந்த தன் போனை அவள் எடுத்துக் காட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. சூடாமணி ஆறு மாதமாக ஆன்லைன் கல்லூரி ஒன்றில் வெப் டிசைன் படிக்கிறாள். தமிழ் வழி. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று நான் கிண்டல் செய்ததற்குப் பெருமாள் நல்ல பதில் கொடுத்துவிட்டார். இந்த வாரப் பாடம், ஒரு படத்தைப் பக்கத்தில் தோன்ற வைப்பது, மறைய வைப்பது. பாடத்தில் இருந்த தலைப்புகளையே இரண்டு பட்டன்களுக்கும் பெயராக வைத்துவிட்டாள். என் போட்டோவுக்கு இடப்பக்கம் ‘தோற்றம்’. வலப்பக்கம் ‘மறைவு’. அதற்குக் கீழே வீட்டுப்பாடம் அனுப்பிய தேதி, அதாவது இன்றைய தேதி. போன வாரம் படித்ததை மட்டும் விடுவானேன் என்று படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றிலும் பூ பார்டர். மறைவை அழுத்தினால் நான் மெல்ல மெல்லக் கரைந்து காணாமல் போனேன். அந்த லிங்க்கைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு வார்த்தைகூட எழுதாமல் போட்டுவிட்டு, கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறாள். எனக்கு அந்த குரூப்பெல்லாம் ஆகாது, நான் அதில் இல்லை.

“எல்லாரும் பாராட்டுவான்னு நெனைச்சேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு நினைப்புதான் நெஞ்சில் அடித்துக்கொண்டது.

“கோண்டு அந்த குரூப்ல இருக்கானோ?”

“இருக்கான்.”

கோண்டு என்கிற கோதண்டராமன் என் ஒரே தம்பி. ஆதம்பாக்கத்தில் இருக்கிறான். நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. என் பெண் ஸ்நேஹாவின் கல்யாணத்தில் அவனை இரண்டாம் பந்திக்கு நிறுத்திவிட்டார்கள் என்று சண்டை. “உன்னைத் தலைமுழுகிட்டேன். நீ செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று மண்டபத்திலேயே கத்திவிட்டுப் போனான். நானும் வீம்புக்காரன், கூப்பிடவில்லை. ஆனால் நான் போனால் அவன் வருவானா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். இப்போது போய்விட்டேன். அவன் வராவிட்டால் அதையும் உயிரோடு இருந்து பார்த்தாக வேண்டும்.

சூடாமணி ஸ்நேஹாவைக் கூப்பிட்டு அழுது முடித்துவிட்டு, கோண்டுவின் நம்பரைத் தேடினாள். “கொஞ்சம் இரு” என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னை முறைத்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஆட்டோ வந்து நின்றது.

கோண்டுதான். வாசலில் நின்றவர்களை ஏறிட்டும் பார்க்காமல் மாடியேறி வந்தான். சட்டையை உள்ளே வெளியே மாற்றிப் போட்டிருந்தான், காலில் செருப்பில்லை. கதவோரம் நின்ற என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. கண் ஹால் தரையில் தேடியது.

“எங்க வெச்சிருக்கா?” என்று என்னிடமே கேட்டான்.

அவன் எதிரில் போய் நின்றேன். நிமிர்ந்தான். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. கையை நீட்டி என் தோளை அழுத்திப் பார்த்தான். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

சூடாமணி பட்டன், தோற்றம், மறைவு என்று திக்கித் திக்கி விளக்கினாள்.

“அதை முதல்ல எடுங்கோ மன்னி!” என்று கத்தினான்.

“மார்க் போடற வரைக்கும் எடுக்கக் கூடாதாம்” என்றாள் பாவமாக.

எந்த நேரத்தில் எதைக் கேட்பதென்று எனக்கு என்றுமே தெரிந்ததில்லை. “தலைமுழுகிட்டேன்னியே, பின்னே எதுக்குடா வந்தே?” என்றேன்.

கோண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான். “சேதி கேட்டதும் தீட்டு, தலைக்குத் தண்ணி விட்டுக்கணும்னு ஆத்துல பக்கெட்டை ரொப்பி வெச்சா. என்னால முடியலை அண்ணா. ஒரு சொம்புகூட விட்டுக்கலை. அப்படியே வந்துட்டேன்.”

அவன் தலையில் கை வைத்துப் பார்த்தேன். முடி காய்ந்துதான் இருந்தது.