வெளிச்சத்தில் ஒரு குமிழி

புட்டித் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். விளக்குப் பலகைக்கு முன்னால் கண்ணாடிப் புட்டிகள் பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து போகும். ஏதாவது ஒன்றின் உடம்புக்குள் கடுகளவு காற்று சிக்கியிருந்தாலும் அவள் கை தானாக எழும்பும். "குமிழி, நிறுத்து" என்பாள். பெல்ட் நிற்கும். அந்தப் புட்டி உடைசல் தொட்டியில் விழுந்து மறுபடி உலைக்குப் போகும்.

அவள் கணவனும் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவான். சலூன் வைத்திருந்தான். கத்தரிக்கோல் ஒரு பக்கம் ஓடினால் வாய் இன்னொரு பக்கம் ஓடும். அந்த வாய், கருத்தரிப்பு மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பூட்டிக்கொள்ளும்.

இதற்கு முன் இரண்டு முறை அவளுக்குக் கருவை வைத்தார்கள். முதலாவது ஒட்டவே இல்லை. இரண்டாவதில் ரத்தச் சோதனை நல்ல சேதி சொன்னது. ஆனால் ஸ்கேனில் பை மட்டும் இருந்தது, உள்ளே யாரும் இல்லை. இப்போது ஆய்வகத்தின் குளிரில் ஒரே ஒரு கரு உறைந்து மிச்சமிருந்தது. அதுவும் நிற்காவிட்டால் இத்தோடு விட்டுவிடலாம் என்று இருவரும் பேசியிருந்தார்கள். ஒரே ஒருமுறை பேசினார்கள். தட்டுகளைக் கழுவியபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்.

அந்தக் கருவை வைக்கும் நாள் காலை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் தெளிவாகத் தெரியுமாம். நீல அங்கியும் தொப்பியுமாகக் கணவன் வந்து தலைமாட்டில் நின்றான்.

"என்னங்க, இந்தத் தொப்பில உங்களைப் பார்த்தா, முடி வெட்டிக்கப் பயந்து மூடிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள். அவன் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிக்க வழியில்லை. சிரித்தால் அணை உடைந்துவிடும்.

அரை இருட்டான, சிறிய அறை. சுவரில் ஒரு குட்டி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் ஆய்வகம். அங்கிருந்த பெண், உருப்பெருக்கியின் கீழ் இருந்த கருவைத் திரையில் காட்டினாள். படுத்திருந்தவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். உலையின் வாயிலிருந்து கொதிக்கும் கண்ணாடி ஒரு துளியாகச் சொட்டும்; அச்சில் விழும்வரை, தான் எந்தப் புட்டி ஆகப்போகிறோம் என்று அந்தத் துளிக்கே தெரியாது. அப்படி இருந்தது அது. உறைபனியில் அத்தனை நாள் கிடந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் விழித்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அவள் கண் அதில் குறை தேடத் தொடங்கியது. சும்மா இரு என்று கண்ணை அதட்டினாள்.

முந்தைய இரண்டு முறையும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். இந்த முறை டாக்டர் விடவில்லை.

"திறந்து பாரும்மா. உன் வீட்டுக்கு வர்ற ஆளு. வாசல்ல நின்னு கூப்பிட வேண்டாமா?"

ஸ்கேன் திரையில் சாம்பல் நிற மேகங்கள். நடுவே, கரு ஏற்றிய குழாய் ஒரு மெல்லிய கோடாக ஊர்ந்து உள்ளே வந்தது, நின்றது. சட்டென்று அதன் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி பூத்தது.

அவள் கை எழும்பிவிட்டது. "குமிழி, நிறுத்து!"

எந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கேட்கப் பழகிய குரல். அறையே திடுக்கிட்டது. டாக்டரின் கை மட்டும் அசையவில்லை. அசையாமல் படுக்கச் சொல்லிவிட்டு, குழாயைப் பைய வெளியே எடுத்து ஜன்னலில் நீட்டினார். என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலமெல்லாம் கழித்துக்கட்டிய வாய், கடைசியில் தன் பிள்ளையையே கழித்துவிட்டதா?

"ஏம்மா நிறுத்தச் சொன்னே?"

"காத்து உள்ள போயிடுச்சு டாக்டர். குமிழி இருந்தா நாங்க கழிச்சிடுவோம்."

டாக்டர் முகமூடிக்குள் சிரித்தார். "அது நாங்க போட்ட குமிழிம்மா. உன் கரு இந்தத் திரையில தெரியாது, அவ்வளவு சின்னது. அதனால காத்தைத் துணைக்கு வெச்சு அனுப்புறோம். குமிழி எங்க மின்னுதோ, அதுக்குப் பக்கத்துலதான் அது இருக்கு."

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "குழாய் காலி. கரு உள்ள போயிடுச்சு."

சாம்பல் மேகத்துக்குள் அந்தப் புள்ளி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. முகம் தெரியாத யாரோ விளக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நிற்பதுபோல. எத்தனை குமிழிகளை உடைத்திருப்பாள்! ஒன்றைக்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லை.

அதன்பின் காத்திருப்பு. தொழிற்சாலையில் ஒரு குமிழிப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டாள். கழுகுக்குக் கண்ணாடி போடணும் போல என்று மேற்பார்வையாளர் கிண்டலடித்தார். வீட்டில் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"நான் போட்ட சத்தத்துல பயந்து ஓடியிருக்குமோ?"

"உன் சத்தத்துக்கே பயந்தா அது நம்ம வீட்ல எப்படிக் குப்பை கொட்டும்?" என்றான் அவன். சொல்லிவிட்டு வெகுநேரம் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ரத்தச் சோதனை நல்ல சேதி சொன்னது. இருவரும் அதை நம்பவில்லை. போன முறையும் இப்படித்தான் சொன்னது.

ஸ்கேன் நாளன்று டாக்டர் முதலில் தான் மட்டும் பார்த்தார். பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். கருத்த சிறு பள்ளம். அதன் ஓரத்தில் அரிசிமணிபோல் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்குள் வெள்ளையாக ஏதோ மினுக்கிற்று.

அவள் கை எழும்பியது. கணவன் அதை எட்டிப் பிடித்துக்கொண்டான். அந்தக் கட்டடத்துக்குள் முதன்முறையாக அவன் வாய் திறந்தது.

"டாக்டர், இதுவும் குமிழியா?"

"குமிழி துடிக்காதுங்க."

அவள் இமைக்காமல் பார்த்தாள். இந்த முறை கண் எந்தக் குறையையும் தேடவில்லை. அது துடித்துக்கொண்டிருந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே.