முதல் பந்தி, இரண்டாம் பந்தி

ரேணுகாம்பாள் டீச்சர் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் பள்ளிக்கூடத்தையே இரண்டு பண்ணிவிடுவாள். எண்பத்துமூன்றாம் வருஷம் அவள் கையில் எடுத்தது கூட்டாஞ்சோறு.

காரணம் இருந்தது. செங்கம் ரோட்டுப் பள்ளியில் அவளுடைய நாலாம் வகுப்பில் அடி அண்ணாமலை விவசாயிகளின் பிள்ளைகள் இருந்தார்கள். கல்லுடைக்க வந்து தங்கிவிட்ட தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். குதிரைவண்டி ஓட்டும் ரஹீமின் மகள் நூர்ஜஹான் இருந்தாள். ஒற்றுமைப் பாடத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். சோற்றுத் தூக்கைத் திறந்ததும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆளுக்கொரு பிடி அரிசியும் பருப்பும் காயும் கொண்டுவரட்டும், மாசம் ஒரு நாள் ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடட்டும் என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றாள்.

சக்கரவர்த்தி நயினார் லேசில் தலையாட்டுகிறவரா என்ன!

"ஒரே பானை, ஒரே நேரம். ஒரு பிள்ளை ஒதுங்கி நின்னாலும் இது இதோட நின்னுடணும். சரிங்களா டீச்சர்?"

"சரிங்க சார். நீங்களும் எங்களோட சாப்பிடணும்."

நயினார் சமணர். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதையும் தொடமாட்டார். அதை டீச்சர் மறக்கவில்லை. பூசணியும் அவரைக்காயும் போதும் என்று பிள்ளைகளிடம் தொண்டை வற்றச் சொன்னாள். சாரின் நிபந்தனையையும் சொல்லிவைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வேப்பமரத்தடியில் அடுப்பு மூட்டினார்கள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதிகம் கிளறியவள் நூர்ஜஹான்தான். ஐந்தரைக்கெல்லாம் சாம்பார் சாதம் கமகமவென்று தயாராகிவிட்டது. வரிசையாகத் தட்டு வைத்து, முதல் கரண்டியை டீச்சர் அவளுக்கே போட்டாள். நூர்ஜஹான் ஒரு பிடி எடுத்து வாயருகே கொண்டுபோனாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னாடி, புகையா?"

பக்கத்தில் இருந்த பொன்னிதான் சொன்னாள்: "டீச்சர், அவ இன்னிக்கு நோன்பு. அவளுக்கு இதான் மொத நோன்பு."

"அப்புறம் ஏண்டி வாயில வைக்கப் போன?"

"நான் சாப்பிடலன்னா சார் நிறுத்திடுவாருன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. ரம்ஜான் மாதம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பெரியவர் பூண்டு தொடமாட்டார் என்று நினைவு வைத்திருந்தவளுக்கு, ஒன்பது வயசுப் பிள்ளையும் நோன்பு இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"சோத்தைத் தட்டுலயே போட்டுடும்மா. பொழுது போற வரைக்கும் எல்லாருமே காத்திருக்கலாம்."

நயினார் தொண்டையைச் செருமினார். "பொழுது போனா நான் சாப்பிடறதில்லைங்க டீச்சர். எங்க வீட்டுல யாருமே சாப்பிடமாட்டோம்."

ஒருத்தி பொழுது போகாமல் சாப்பிட முடியாது. இன்னொருவர் பொழுது போனால் சாப்பிட முடியாது. இதில் ஒரே நேரத்துக்கு எங்கே போவது? தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்ட மனிதரைப் பார்த்து வேறு நாளாயிருந்தால் டீச்சர் மனசுக்குள் சிரித்திருப்பாள். இன்று அழுகைதான் வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

நூர்ஜஹான் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், கல்யாணத்துல பந்தி பந்தியாத்தானே போடுவாங்க? சார் மொதப் பந்தி. நான் ரெண்டாம் பந்தி."

யாரும் பதில் சொல்வதற்குள் கரண்டியை எடுத்துக்கொண்டு நயினார் எதிரில் போய் நின்றாள். அவர் வெளியே கை நனைக்கிறவரல்ல. நயினார் அந்தக் காய்ந்த உதட்டையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தட்டை நீட்டினார்.

"போடும்மா."

பசி தாங்காத பிள்ளைகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் பந்தியில் அவள் தனியாகத்தான் உட்கார வேண்டியிருக்குமோ என்று டீச்சருக்கு அடித்துக்கொண்டது. பொன்னி தன் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்றாள். அவள் வயிறு கத்தியது எல்லோருக்கும் கேட்டது. இன்னொரு தட்டு கவிழ்ந்தது. அப்புறம் இன்னும் சில. ராமதாஸ் மட்டும் இரண்டு பந்தியிலும் உட்காருவதாகச் சொன்னான்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. கோயில் மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டைத் தூக்கினார்கள்.

"இது இல்ல, இருங்க!" என்று நூர்ஜஹான் அதட்டினாள்.

கடைசியில் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. பாவாடையில் முடிந்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தைத் தின்று தண்ணீர் குடித்தாள். பிறகு கரண்டியைத் தேடினாள். அது நயினார் கையில் இருந்தது. சாப்பிட்டதும் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானையோடு வந்து நின்றார்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம், சார்."

அடியில் பிடித்திருந்ததையும் சுரண்டிப் போட்டார். போட்டுக்கொண்டே டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த மாசம் ஒரே பானைன்றது இருக்கட்டும். ஒரே நேரம்னு சொன்னேனே, அதை மட்டும் எடுத்துடுங்க."