குதிரைப் படைக்குத் தீனி

ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப் போவதற்கு முன்னால் அத்தான் வாட்ச், மோதிரம், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். கைப்பேசியை மட்டும் என்னிடம் நீட்டினார்.

“மச்சான், கோட்டையக் கொஞ்சம் பாத்துக்க. இரும்பு சேர்ந்தா எடுத்து வை. வேற எதையும் தொடாத.”

“ஆமா, இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்” என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரட்டைக் கதவு ஆடி ஆடி நின்றது.

அத்தான் பஸ் டிரைவர். இதயத்தில் ஒரு வால்வு பழுதாகி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். கைப்பேசியில் அந்தக் கோட்டை விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் என்னையும் விடவில்லை. அவருடைய பெரிய கோட்டைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு குட்டிக் கோட்டை போட்டுக் கொடுத்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டையில் தானியம், மரம், கல், இரும்பு என்று நான்கு பொருள்கள் விளையும். மரமோ கல்லோ தீர்ந்தால் கட்டட வேலை நிற்கும், அவ்வளவுதான். ஆனால் தானியம் படைக்கான சாப்பாடு. அது தீர்ந்தால் வீரர்கள் பட்டினியில் ஒவ்வொருவராக மடிவார்கள். எதற்கு முன்னால் எதை விளைவிப்பது, எதை எப்போது செலவழிப்பது என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. அத்தான் அதில் புலி. “படையை எவன் வேணா சேர்ப்பான் மச்சான், சோறு யாரு போடறது?” என்பார். வீட்டிலும் அப்படித்தான். ஒரு சோப்பு கரைவதற்குள் அடுத்த சோப்பு அலமாரியில் வந்து உட்கார்ந்திருக்கும். அவர் கோட்டையில் தானியம் குறைந்து நான் பார்த்ததே இல்லை.

காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். சுவரில் ஒரு திரை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண். உள்ளே இருந்தால் மஞ்சள், முடிந்துவிட்டால் பச்சை. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களுக்குப் பிறகு வந்தவர்கள்கூடப் பச்சையாகி, எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் எண் மஞ்சளிலேயே நின்றது. அக்கா திரையைப் பார்ப்பதும், என்னைப் பார்ப்பதும், கதவைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அத்தானின் கோட்டையைத் திறந்தேன். இரும்பை எடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். தானியத்துக்கு நேரே சிவப்பில் கழித்தல் குறி. விளைவதைப்போல இரண்டு மடங்கைப் படை தின்றுகொண்டிருந்தது.

என் முகம் மாறியதை அக்கா பார்த்துவிட்டாள். “என்னடா? உள்ள இருந்து ஏதாவது சொன்னாங்களா?”

“ஐயோ, அது இல்லக்கா. விளையாட்டு. தானியம் தீரப்போகுது.”

“சீ! ஒரு நிமிஷம் என் உயிரே போச்சு.” நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “தீந்தா தீரட்டும்.”

நான் விடாமல் தோண்டினேன். முந்தின சாயங்காலம், சேர்த்து வைத்திருந்த இரும்பையும் தானியத்தையும் மொத்தமாகக் கொட்டிக் குதிரைப் படை வாங்கியிருக்கிறார். குதிரைக்குத்தான் தீனி அதிகம். அதோடு விடவில்லை. வயல்களைப் பெரிதாக்க ஓடிக்கொண்டிருந்த வேலையையும் நிறுத்தியிருக்கிறார். கிடங்கில் இருப்பது இன்றைக்கு இருட்டும்வரை தாங்கும். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். “நேத்து சாயங்காலமா? என் பக்கத்துல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரே?”

“அப்பதான்.”

“இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் வெச்சிருக்காரா? நாளைக்கு?”

“நாளைக்கு ஒண்ணும் இல்லக்கா.”

அவள் முகத்தில் இரத்தமே இல்லை. “அந்த மனுஷன் நாளைக்குன்னு எடுத்து வைக்காம ஒரு நாள் தூங்கினதில்லையேடா. திரும்பி வரமாட்டோம்னு நினைச்சுட்டாரு.”

“ச்சே, அப்படியெல்லாம் இருக்காது” என்றேன். சொல்லிவிட்டு நானும் கதவைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. நர்ஸ் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார். அக்கா எழுந்த வேகத்தில் கைப்பை கவிழ்ந்து மூக்குக் கண்ணாடி தரையில் சறுக்கிக்கொண்டு போனது.

“கொஞ்சம் இரத்தம் நிக்காம கசியுது. டாக்டர் பாத்துக்கிட்டுதான் இருக்காரு. இன்னும் நேரமாகும், பயப்படாதீங்க.”

பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அக்கா கண்ணாடியைப் பொறுக்கி, முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

“குதிரைங்க சாகாம இருக்க என்ன வழி?”

“அக்கா, இப்ப எதுக்கு...”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“பாதிக் குதிரையக் கலைச்சிடலாம். தீனி மிச்சமாகும்.”

“ஒண்ணக்கூடக் கலைக்காத. வந்து கேட்டாருன்னா நான் என்ன பதில் சொல்றது? வேற?”

வேறு வழியும் இருந்தது. படையை இன்னொருவர் கோட்டைக்குக் காவலுக்கு அனுப்பினால் அங்கிருக்கும் தானியத்தைத் தின்னும். என் கோட்டை ஒரு சிறு கூட்டத்தைத்தான் தாங்கும். விளையாட்டில் நாங்கள் சேர்ந்திருந்த கூட்டணியில் மிச்சத்தைத் தாங்கக்கூடியவர் ஒரே ஆள், ‘வெள்ளை நரி’ என்ற பெயரில் விளையாடுகிறவர். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. அத்தானுக்கு அந்த ஆள்மேல் அவ்வளவு நம்பிக்கையும் கிடையாது.

அக்கா கைப்பேசியைப் பிடுங்கித் தானே எழுதினாள். நான் அவர் மனைவி, அவர் ஆபரேஷனில் இருக்கிறார், குதிரைகளுக்கு நீங்கள்தான் சோறு போட வேண்டும் என்று. அனுப்பிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள். மஞ்சள்.

“வயலப் பெருசாக்கிக்கிட்டு இருந்தாருன்னு சொன்னியே, அது முடிய எவ்ளோ நாளாகும்?”

“பத்து நாளாவது ஆகும்.”

“அத மறுபடி ஆரம்பி.”

“இருக்கற கல்லு, மரம் மொத்தமும் போயிடும்க்கா. இன்னிக்கு நமக்கு அது பிரயோஜனமே இல்ல. சின்ன வேலையா ரெண்டு...”

“இன்னிக்கு வேண்டாம்டா எனக்கு. பத்து நாள் கழிச்சு முடியட்டும். அவர் உக்காந்து பாக்கட்டும்.”

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. கல்லும் மரமும் சரசரவென்று இறங்கின. வயலில் வேலை தொடங்கிவிட்டதாக மணி அடித்தது.

நரியிடமிருந்து பதில் வந்தது. “அனுப்புங்க. தின்னட்டும். என்னாச்சுன்னு சொல்லுங்க.” குதிரைகளை அனுப்பிவைத்தேன். அதற்குள் அந்த ஆள் செய்தியைக் கூட்டணி முழுக்கப் பரப்பியும்விட்டிருந்தார். முகம் தெரியாதவர்கள் ஆளுக்கொரு மூட்டை தானியம் அனுப்பத் தொடங்கினார்கள். வண்டி வண்டியாக வந்து இறங்கிக் கிடங்கு நிரம்பிவிட்டது. நிரம்பிய பிறகு வருவதெல்லாம் வீண்தான்.

“ஐயோ, வெளிய கொட்டுதே! நிறுத்தச் சொல்லுடா!” என்று அக்கா கத்தினாள். நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதுவிட்டாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். முதுகு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

ஜன்னலில் வெயில் சாய்ந்த பிறகுதான் டாக்டரே வெளியே வந்தார். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, “கசிவு நின்னுடுச்சு. வால்வு நல்லா வேலை செய்யுது. இன்னிக்கு ராத்திரி தாண்டணும்” என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நானும்தான்.

ராத்திரி தாண்டியது. மறுநாள் ஒரு தடவைக்கு ஒருவர் என்று உள்ளே விட்டார்கள். அக்கா கெஞ்சி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அத்தானின் மூக்கிலும் கழுத்திலும் குழாய். கண் மட்டும் முழித்திருந்தது.

அக்கா நேராக விஷயத்துக்கு வந்தாள். “எல்லாத்தையும் எதுக்குக் குதிரையில போட்டீங்க?”

அவர் யோசித்தார். குரல் கரகரவென்று வந்தது. “நேத்து... முந்தாநேத்து... குதிரை பாதி விலை. ஒரு நாள்தான் சலுகை.”

“பாதி விலையா?” அவள் அவரையே வெறித்தாள். “இதுக்கா நான் அங்க உக்காந்து உசிர விட்டேன்?”

“என்ன பண்ணின?”

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். வயலைப் பற்றிச் சொன்னதும் அவர் நெற்றி சுருங்கியது. “கிடங்கப் பெருசாக்காம வயலப் பெருசாக்கினா, விளையறத எங்க கொட்டுவ?”

“அத நேத்தே கொட்டியாச்சு” என்றாள் அக்கா. நர்ஸ் வந்து, நோயாளியைப் பேச வைக்காதீங்க என்று எங்களை விரட்டினார்.

வெளியே வந்து விளையாட்டின் அறிவிப்புப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அந்த வாரம் எந்தச் சலுகையும் இல்லை. குதிரைக்கும் இல்லை, வேறு எதற்கும் இல்லை.

அக்கா படியிறங்கிக்கொண்டே, “பாதி விலைன்னா எவ்ளோடா மிச்சமாகியிருக்கும்?” என்று கேட்டாள்.

“நிறைய” என்றேன்.

“பொல்லாத மனுஷன்” என்றாள். அவள் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத நிறம் திரும்பியிருந்தது. கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி, கிடங்கைப் பெரிதாக்க எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டச் சொன்னாள்.