நாற்பது விநாடியா, இருபத்திரண்டா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது வெளிநாட்டில், ஒரு ஷூ கிடங்கின் நான்காம் மேசையில். இரவு ஷிப்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த என்னை, ஆள் குறைவு என்று சில மாதங்களாகப் பகலில் போட்டிருந்தார்கள். அப்போதுதான் எம்.பி.ஏ. மாணவர்கள் நம் ஊரிலிருந்து விமானமேறி வந்து கிடங்கைச் சுற்றிப் பார்த்தார்கள். பதினோரு மாணவர்கள், ஒரு பேராசிரியர், பத்து நாளில் நான்கு நிறுவனங்கள். அதே படிப்பை இரண்டாம் செமஸ்டரில் விட்டுவிட்டு வந்தவன் நான். இது கதைக்குத் தேவையா என்று தெரியவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும்.

முதல் வாக்கியத்துக்கு மூன்று வரைவுகள் எழுதினேன்.

"கண்ணாடிக் கதவைத் திறந்ததும் அட்டைப்பெட்டியின் வாசனை அவள் முகத்தில்—" (அடித்துவிட்டேன். கிடங்குக்குள் நுழைகிற எவருக்கும் முதலில் தட்டுப்படுவது சத்தம்.)

"எண்கள் என்றால் அவளுக்கு உயிர்." (அப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை.)

"அவள் ஸ்டாப்வாட்சை அமுக்கினாள்." (இது நிற்கட்டும்.)

2

அவள் ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். ஜோடி ஷூவை எடுத்து, இரண்டும் ஒரே அளவுதானா என்று பார்த்து, உள்ளே காகிதம் திணித்து, பெட்டியில் வைத்து, மூடி, ஸ்டிக்கர் ஒட்டி, பெல்ட்டில் தள்ளும்வரை ஒரு பெட்டி. நாற்பது விநாடி. மறுபடி அமுக்கினாள். முப்பத்தொன்பது. பிறகு நாற்பத்தொன்று. இருபது தடவை பார்த்துக் குறித்துக்கொண்டாள். மேசையில் நாங்கள் அவளுக்கு 'விநாடி' என்று பெயர் வைத்தோம்.

விநாடியின் குழுவில் நான்கு பேர். கிடங்கு அவர்கள் பங்குக்கு வந்தது. கடைசி நாள் சாயங்காலம் கிடங்கின் மேலாளர் முன்னால் நின்று, வேலையை எப்படிச் சீராக்கலாம் என்று ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டும். பதினோரு பேரில் ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாக மேலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த ஓர் இடம் அவளுக்கு வேண்டும்.

(இங்கே அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். வேலை இல்லாமல் திரும்பினால் கல்யாணம்தான் என்று போனில் மிரட்டுவான். ஒரு பெண்ணுக்கு வேலை வேண்டியிருப்பதற்கு எதற்கு அண்ணன்? அவனை எடுத்துவிட்டேன்.)

அவளோடு வந்தவர்களில் ஸ்லைடு போடுவதில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். அவனை 'ஸ்லைடு' என்றே வைத்துக்கொள்வோம். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். காகித அடுக்கு ஆளுக்குப் பின்னால் இருக்கிறது, அதை இடது கைப்பக்கம் கொண்டுவந்தால் ஏழு விநாடி மிச்சம், ஆறு பேர் செய்கிற வேலைக்கு ஐந்து பேர் போதும் என்றான். கணக்கு சரிதான். நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். மேசைக்கு நாளொன்றுக்கு நாலாயிரம் பெட்டி. ஐந்து பேர் போதும்.

அப்புறம் நம் பாஷை அங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் அவளிடம் சொன்னான்:

"மாடு அசை போடற மாதிரி கட்டறாங்கப்பா. நானா இருந்தா தூங்கியே போயிருப்பேன்."

விநாடி சிரித்தாள். பெரிதாக இல்லை, மரியாதைக்குத்தான். மேசையில் இரண்டு பேருக்கு அந்தப் பாஷை தெரியும். ஒன்று நான், இன்னொன்று எதிரே நின்ற அக்கா. நாங்கள் நிமிரவில்லை.

3

விநாடிக்குத் தெரியாத ஒன்றை வாசகருக்குச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் காட்டுகிற வித்தை எனக்கு வராது.

விருந்தாளி வருகிற நாளில் அந்தக் கிடங்கில் யாரும் வேகமாகக் கட்ட மாட்டோம். அது சூப்பர்வைசரின் சட்டம். முன்பு ஒரு தடவை பார்க்க வந்த யாரோ வீடியோ எடுத்து, ஆட்களை விரட்டி விரட்டி வேலை வாங்குகிறார்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டார்களாம். அதிலிருந்து, பேருந்து வாசலில் நின்றதும் சூப்பர்வைசர் ஒரு சுற்று வந்து அந்த ஊர்ப் பாஷையில் சொல்லிவிட்டுப் போவார்: "யாரும் பறக்காதீங்க. கண்ணுக்குத் தெரியற மாதிரி கட்டுங்க."

எந்த வேகத்தில் கட்டுவது? நாங்கள் அக்காவைப் பார்த்துக்கொள்வோம். அக்காவின் வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை சுற்றியிருக்கும். எட்டு வருஷம் காகிதம் திணித்த கை. நல்ல நாளில் நாற்பது விநாடி ஆகும், மோசமான நாளில் ஐம்பதைத் தாண்டும். மற்ற ஐந்து பேருக்கும் இருபத்திரண்டு. மேலே போவது மேசையின் மொத்தக் கணக்கு மட்டும்தான். ஆள் வாரியாக யாரும் எண்ணுவதில்லை. காலையில் அக்காவின் குறையையும் சேர்த்து நாங்கள் பறந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் மூச்சு வாங்கிக்கொள்வோம். அக்கா கடைசிவரை கட்டுவாள். ஒருத்தரும் இதை உட்கார்ந்து பேசி முடிவுசெய்யவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

விருந்தாளி நாளில் மட்டும் ஆறு பேரும் ஒரே வேகம். அக்கா அன்றைக்கெல்லாம் பாட்டு முணுமுணுப்பாள்.

4

மறுநாள் விநாடி எப்படி உண்மையைக் கண்டுபிடித்தாள் என்பதற்கு இரண்டு வடிவங்கள் இருக்கின்றன.

முதல் வடிவம். மாணவர்கள் மறுநாள் மாடி அலுவலகத்துக்கு வந்தார்கள். வாசலில் திருப்பித் தர மறந்த பார்வையாளர் அட்டை அவள் கைப்பையில் இருந்தது. கொடுக்கக் கீழே இறங்கினாள். மேசைகளைத் தாண்டும்போது ஏதோ மாறியிருப்பதுபோல் பட்டது. பெல்ட்டில் பெட்டிகள் இடைவெளியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. நின்றாள். வாட்சை எடுத்தாள். இருபத்திரண்டு. அவள் முகத்தில்—

நன்றாகத்தான் இருக்கிறது. கூர்மையான பெண், தற்செயல், கண்டுபிடிப்பு. இதை நான்கு தடவை திருத்தி எழுதினேன். நடந்தது வேறு.

5

அட்டையைக் கொடுக்க அவள் வந்தது உண்மை. எதையும் கவனிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டே எங்கள் மேசையைத் தாண்டிப் போய்விட்டாள் என்பதும் உண்மை. நான்தான் கூப்பிட்டேன்.

"மேடம், நேத்து நீங்க பார்த்தது சினிமா. இப்ப வாட்சை எடுங்க."

அவள் திரும்பினாள். நம் பாஷையைக் கேட்டதும் முகம் வெளுத்தது. முந்தின நாள் சிரித்தது ஞாபகம் வந்திருக்கும். வாட்சை எடுத்தாள். நான் கட்டிக் காட்டினேன். பத்தொன்பது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக ஒரு பெட்டி கட்டியதில்லை.

(ஏன் செய்தேன் என்று இங்கே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், ஒரு காலத்தில் நானும் படித்த பாடத்தைப் படிக்கிறவர்கள் என்னை மாடு என்றது பொறுக்கவில்லை. மீதியெல்லாம் வெறும் ஜோடனை.)

அவள் அடுத்தடுத்த ஆட்களையும் பார்த்தாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று, இருபத்திரண்டு. சூப்பர்வைசர் சொன்னது, வீடியோ, மூன்று மணி, எல்லாவற்றையும் நானே அவிழ்த்துவிட்டேன். கேட்காததையும் சொன்னேன். அவள் கண்கள் விரிந்ததைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

 அக்கா கையில் இருந்த பெட்டியை மூடி, ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட்டுக் கேட்டாள்:

"எத்தனை வந்துச்சும்மா?"

"இருபத்திரண்டுக்கா."

"அது இவங்க கை. என் கையையும் பாரு."

விநாடி பார்த்தாள். நாற்பத்தாறு. மறுபடி பார்க்கச் சொன்னாள் அக்கா. நாற்பத்தெட்டு. வாட்சைப் பிடித்திருந்த கை கீழே இறங்கிவிட்டது.

"நாற்பதுன்னு எழுதினா அஞ்சு பேர் போதும்னு நேத்து அந்தத் தம்பி சொல்லிச்சு. இருபத்திரண்டுன்னா எத்தனை பேர் போதும்?"

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் அந்தக் கணக்கில் கெட்டிக்காரி.

"நாலுக்கா."

"ம்." அக்கா அடுத்த ஜோடியை எடுத்தாள். "ஆளாளுக்கு வாட்ச் பிடிச்சா முதல்ல யாரு போவாங்கன்னும் தெரியும்ல?"

விநாடி தலையாட்டினாள். அக்கா எதுவும் கெஞ்சவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

6

இனி எழுதப்போவதை நான் பார்க்கவில்லை. கடைசி நாள் சாயங்காலம் மாடியில் நடந்தது மேசைக்காரர்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் போய்க் கேட்டிருக்கலாம். நான் அந்தச் சனிக்கிழமையோடு வேலையை விட்டேன். விடுவது எனக்குப் பழக்கமான வேலை.

எனவே முடிவுகளை உட்கார்ந்து செய்தேன்.

அவள் நாற்பது என்று போடுகிறாள். காகித அடுக்கு இடது பக்கம் வருகிறது, ஒருத்தர் போகிறார், பயிற்சி இடம் அவளுக்கு. அவள் பொய் சொன்னாள் என்று யாரும் சொல்ல முடியாது. வாட்ச் காட்டியதைத்தான் எழுதினாள். எழுதி முடித்து இரண்டு நாள் இதுவே முடிவு என்று வைத்திருந்தேன். அப்புறம் அந்தத் தாளைக் கிழித்தேன்.

அவள் இருபத்திரண்டு என்று போடுகிறாள். துணிச்சல்காரி, உண்மையைச் சொன்னாள் என்று உங்களுக்குப் பிடிக்கும். அக்கா வெளியே நிற்பாள். உடம்பு நலமாக இருக்கிற இன்னொருத்தனும் கூட நிற்பான்.

மூன்றாவதை நெடுநாள் நம்பியிருந்தேன். விருந்தாளி நாளில் அளந்த கணக்கு, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்கிறாள். ஸ்லைடு பல்லைக் கடிக்கிறான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். மேலாளர் மட்டும் நாற்காலியில் முன்னால் சாய்கிறார். அவர் முட்டாள் இல்லை. நல்லது, அப்படியானால் சரியான கணக்கு எவ்வளவு என்று கேட்கிறார். உங்களுக்குத் தெரியும்போலிருக்கிறதே என்கிறார். அவள் வாயைத் திறந்து—

இந்த இடத்தில் பதினாறு தடவை நின்றிருக்கிறேன்.

7

அறை இப்படி இருக்கும். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், பாதி இழுத்துவிட்ட திரை. சுவரில் அவளுடைய ஸ்லைடு. ஒரு பெட்டிக்கு ஆகும் நேரம் என்ற வரிக்கு எதிரே காலியாக ஒரு கட்டம். கீழே பெல்ட் ஓடுகிற சத்தம் தரை வழியாகக் கேட்கும். மேலாளர் கேள்வியைக் கேட்டுவிட்டார். பதில் வரும்வரை அவர் வேறெதுவும் பேசப்போவதில்லை.

அவளுக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் உங்களிடம் இருக்கின்றன, அக்காவின் எண்ணும் இருக்கிறது. என்ன சொன்னீர்கள் என்று எனக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிந்தால் யாரிடமாவது சொல்லிவிடுவேன்.