பீற்றரும் ஐந்தாவது பத்தும்

யாக்கோபுவின் மனைவி டொறத்தி போய் ஒரு வருடம் முடிந்திருந்தது. மன்னார் ஆட்கள் எங்கே போய்க் குடியேறினாலும் ஆண்டு நினைவுக்கு வீட்டில் செபமாலை சொல்லாமல் விடமாட்டார்கள். கங்காரு நாட்டுக் கிரெய்கிபர்னின் ஜூலைக் குளிர் அதைத் தடுத்துவிடுமா? யாக்கோபுவுக்குச் செபமாலையில் கவலையில்லை. கவலையெல்லாம் பீற்றரைப் பற்றித்தான்.

பீற்றர் கிழட்டு நாய். காப்பகத்திலிருந்து கொண்டுவந்தபோதே அந்தப் பெயர் இருந்தது. செபக் கூட்டத்தை நடத்தும் பெனடிக்ராக்கா, அப்போஸ்தலரின் பெயரைச் சொல்லி நாயைக் கூப்பிட நா கூசி, அன்றிலிருந்து ‘அது’ என்றே சொல்லிவந்தார். பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்துவிட்டன, குளிர்காலத்தில் வெளியே விடவேண்டாம் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் டொறத்தி கடைசியாகத் தெளிவாகச் சொன்னதும் அதைத்தான்: “பீற்றரை வெளியில விட்டிடாதேங்கோ.” கணவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குளிர்ந்தால் அவர் தானாகவே சுவெற்றர் போட்டுக்கொள்வார் என்று நினைத்திருக்கலாம்.

டொறத்தியின் சீலைகளை உறவுக்காரப் பெண்கள் முப்பத்தோராம் நாளே ஞாபகத்துக்கென்று கொண்டுபோய்விட்டார்கள். முழங்கை தேய்ந்த சிவப்புச் சுவெற்றரை மட்டும் ஒருவரும் ஞாபகத்துக்குக் கேட்கவில்லை. யாக்கோபு அதன் கைகளைக் கட்டையாக வெட்டிப் பீற்றருக்குப் போட்டுவிட்டார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

ஆண்டு நினைவு நாளன்று மாலை முதலில் வந்தவர் பெனடிக்ராக்காதான். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் டொறத்தியின் படம். படத்தில் அவள் போட்டிருந்த அதே சிவப்புச் சுவெற்றரோடு கீழே பீற்றர் படுத்திருந்தது.

“யாக்கோபு, செத்த மனுசியின்ர உடுப்பையோ அதுக்குப் போட்டு வைச்சிருக்கிறீர்?”

“உங்களிட்டையும் கேட்டனான்தானே அக்கா. பழசு, வேண்டாமெண்டனீங்கள்.”

“சரி, அதை விடும். மாதா இருக்கிற இடத்தில நாய் கூடாது. வெளியில கொண்டுபோய் விடும்.”

“குளிர் அக்கா. மூட்டு வருத்தம்.”

“அதுக்கு ஆண்டவர் உடம்பு முழுக்க மயிர் குடுத்திருக்கிறார்” என்று சொல்லிக்கொண்டே அக்கா தன் தடித்த ஜாக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தார்.

அவருடைய கணவர் மரியநாயகம் காதுவரை இறங்கிய கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே ஒத்து ஊதினார். “வாற வழியில பாத்தனான். மாடெல்லாம் வெளியிலதான் நிக்குது. ஒண்டும் சாகேல்ல.”

யாக்கோபு யாரோடும் எதிர்த்துக் கதைத்துப் பழகாதவர். ஒரு கதிரையைத் தூக்கினார். பின் விறாந்தையில் அதைப் போட்டு, போர்வையோடு உட்கார்ந்து, பீற்றரைக் காலடியில் படுக்க வைத்தார்.

“நீங்கள் தொடங்குங்கோ. நானும் பீற்றரும் இங்கயிருந்து சொல்லுறம்.”

பத்து மணிகள் ஒரு பத்தாக, ஐந்து பத்துகள் கொண்டது செபமாலை. நாலு பத்துகள் ஹீற்றரின் சூட்டில் சுகமாகப் போயின. ஐந்தாவதில்தான் சிக்கல். அதைச் செத்தவீட்டுக்காரர்தான் நடத்தவேண்டும். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவரே பெனடிக்ராக்கா. விறாந்தையிலிருந்து குரல் கேட்கவேண்டுமே. கண்ணாடிக் கதவை அகலத் திறந்தார்கள்.

யாக்கோபு எப்போதுமே ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் செபிக்கிறவர். அன்றைக்கு இன்னும் ஆறுதல். மூன்றாவது மணியில் மெழுகுதிரி அணைந்தது. நாலாவதுக்கு மறுமொழியாகப் பாதிப்பேர் தும்மினார்கள்.

“கொஞ்சம் கெதியாச் சொல்லும்” என்றார் மரியநாயகம்.

“செபத்தில அவசரப்படக் கூடாதெண்டு அக்காதானே சொல்லுறவ.”

“அப்ப உள்ள வந்து சொல்லுமன்.”

“பீற்றர்?”

எல்லோரும் பெனடிக்ராக்காவைப் பார்த்தார்கள். அவர் மாதாவைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார்.

“பீற்றரையும் கூட்டிக்கொண்டு வாரும். முதல்ல கதவைச் சாத்தும்.”

பீற்றர் நொண்டி நொண்டி உள்ளே வந்தது. எல்லோரையும் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, பெனடிக்ராக்காவின் பாதங்களின்மேல் போய்ப் படுத்தது. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்த, விறைத்துப்போன பாதங்கள். அவர் அவற்றை இழுக்கப் போனார், பிறகு இழுக்கவில்லை. யாக்கோபு ஐந்தாவது மணியிலிருந்து தொடர்ந்தார்.

செபம் முடிந்து எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட எழும்பினார்கள். அக்கா மட்டும் எழும்பவில்லை.

“எனக்கு இஞ்ச கொண்டு வாரும் யாக்கோபு” என்றார் தன் பாதங்களைக் காட்டி, குரலைத் தாழ்த்தி. “இவர் நித்திரையாப் போனார்.”