காசு பார்க்கும் ஸ்டாண்டு

பக்கத்தில் வந்து உட்காருங்க மக்கா. கோட்டாற்றில் போட்டோ பிடித்துப் பிழைத்த ஒரு மனுஷனுடைய கதை சொல்கிறேன். பெரிய கதை இல்லை, ஒரு பகல்தான்.

நாகம்மை கிணற்றடியில் மிச்சம் கிடந்த செங்கற்களைச் சுமந்துவந்து நடுவீட்டில் இறக்கினாள். தலைமாட்டில் விளக்கோடு அங்கே அவளுடைய அக்கா பூங்கனி கிடந்தாள். மூன்று நாள் காய்ச்சல், விடியும்போது போய்விட்டாள். பத்து மாதப் பிள்ளை அடுத்த வீட்டில் தூங்குகிறது.

ஊரார் முகத்தையெல்லாம் படம் பிடித்த அத்தான் குமாரதாஸ், பெண்டாட்டி முகத்தை ஒருதரமும் பிடிக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே போயிற்று. அம்மை எப்படி இருந்தாள் என்று பிள்ளை கேட்டால் காட்ட ஒன்றுமில்லை.

போன வருஷம் அவருடைய பழைய கேமரா ஸ்டாண்டைக் கறையான் அரித்துவிட்டது. திருவிதாங்கூர் ராஜாவின் சக்கரக் காசு செல்லாமல்போய் அணா வந்த புதிது. பழைய காசைப் படமெடுத்து வைக்கிற பெரியமனுஷர்கள் தேடி வந்தார்கள். புது ஸ்டாண்டு வாங்கப் போன கடையில் இரண்டு இருந்தன. ஒன்று ஆள் உயரம், மூன்று கால், முகம் எடுக்க. மற்றது முழங்கால் உயரம், நாலு இரும்புக்கால்; கேமராவைக் குப்புறத் தொங்கவிட்டால் நேர்கீழே பார்க்கும், காசும் நகையும் எடுக்க.

"உயரமானத வாங்குவோம். முதல் படம் உனக்கு," என்றார் அவர்.

வயிற்றுப் பிள்ளையோடு நின்ற பூங்கனி இரண்டையும் ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"இது ஆடுது. அது ஆடல்ல. கையில இருக்கப்பட்ட வேலைக்கு அதாக்கும் வேணும். எனக்க மொகம் எங்க ஓடியா போவுது?"

பிறகு அவள் கைதான் படத்தில் விழுந்தது. நகைக்கடைக்காரர்களின் மோதிரத்தையும் வளையலையும் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்கு அடியில் கையை நீட்டுவாள். "மூச்சப் பிடிச்சுக்கோ," என்பார். லென்சு மூடியைத் திறந்து, ஐந்து எண்ணி, மூடி, "இனி விடு," என்பார். சிரித்துக்கொண்டே விடுவாள். நாகம்மை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

இப்போது இருவருமாகச் செங்கல்லை அடுக்கி, இரும்புக்கால்களை அதன்மேல் ஏற்றி, ஸ்டாண்டை அக்காவின் முகத்துக்கு நேர்மேலே நிறுத்தினார்கள்.

"கூட இருந்தப்ப பிடிக்க நேரமில்ல. இப்பம் பொணத்துக்கு மேல என்னத்தடே கொண்டு நிறுத்துதிய?" என்றார் பெரியப்பா பகவதியப்பன். "மழை இருட்டுது. கொண்டு போவாண்டாமா?"

குமாரதாஸ் இன்னொரு செங்கல்லை இரும்புக்காலுக்கு அடியில் செருகினார்.

"பிள்ளைக்காக்கும் பெரியப்பா," என்றாள் நாகம்மை.

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு வாசலுக்குப் போனார். "ஏலே, மறைக்காம விலகி நில்லுங்க. உள்ள வெட்டம் விழட்டும்," என்று கூட்டத்தை அதட்டியதும் அவர்தான்.

நாகம்மை அக்காவின் நெற்றி முடியை ஒதுக்கி, சாய்ந்திருந்த மூக்குத்தியை நேராக்கினாள். குமாரதாஸ் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெகுநேரம் நின்றார்.

"தெரியுதா அத்தான்?"

"தெரியுது. தலைகீழாத் தெரியுது."

"எப்பவும் அப்படித்தானே."

"ஆமா."

துணியை விட்டு வெளியே வந்து, படம் விழும் கண்ணாடித் தகட்டைச் செருகினார். குனிந்து மூடியில் கைவைத்தார். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது:

"மூச்சப் பிடிச்சுக்கோ."

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். மூடி திறந்தது. ஒன்று, இரண்டு என்று அவர் உதடு எண்ணியது. ஐந்தில் மூடினார்.

அடுத்த சொல்லுக்காக நாகம்மை நின்றாள். சுற்றி நின்ற ஒருத்தியும் மூச்சு விடவில்லை. அவர் மூடியை உள்ளங்கையால் அழுத்தியபடியே குனிந்திருந்தார். வாசலில் முதல் தூறல் விழுந்தது.

உங்க வீட்டு முகமெல்லாம் கண் திறந்து, பல் தெரிய, நெடுங்காலம் எதிரே இருக்கட்டும் மக்கா.